வெடித்த ஸ்மார்ட் வொட்ச் திரை: திருத்தச் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் போனும் வொட்சும் திருத்தும் ஒரு சிறிய கடையின் முன்மேசையில் இருப்பவன் நான். திருத்துகிறவர் உள்ளே உருப்பெருக்கிக்குக் கீழ் குனிந்திருப்பார். விலை சொல்வதும், விளக்கம் சொல்வதும், சில நாட்களில் ஏச்சு வாங்குவதும் என் பங்கு. ஒரே சந்தேகங்களை நாளுக்கு நாலைந்து தடவை கேட்டுக் கேட்டு, அவற்றைக் கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தபடியே குறித்து வைத்தேன். மேசையில் நின்று அவசரமாகச் சொல்ல முடியாத பதில்களை இங்கே ஆறுதலாக எழுதியிருக்கிறேன். கடையின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இது விளம்பரம் அல்ல.

"வொட்ச் கண்ணாடி வெடிச்சிட்டுது. சும்மா ஒரு கணக்குக்கு எவ்வளவு வரும்?"

மாடல் தெரியாமல் சொல்லப்படும் எந்த விலையும் ஊகம்தான். வொட்சைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். சாம்சங் என்றால் எஸ்எம்-ஆர்870 என்பதுபோல ஓர் இலக்கம் இருக்கும். ஆப்பிள் என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்பதும் எந்த வகை என்பதும் வட்டமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து மிகச் சிறியது. போன் கமராவால் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்ப்பது இலகு. அந்த இலக்கத்தைச் சொன்னால் எந்தக் கடையும் தொலைபேசியிலேயே ஓரளவு சரியான தொகை சொல்லும்.

ஓர் உதாரணம் தருகிறேன். அண்மையில் ஒரு வங்கி ஊழியர் கொண்டுவந்த 44 மில்லிமீட்டர் சாம்சங் வொட்சுக்கு நாங்கள் இரண்டு தொகைகளை எழுதிக் கொடுத்தோம். கண்ணாடியை மட்டும் மாற்ற 9,000 ரூபா. டிஸ்ப்ளேயை முழுதாக மாற்ற 27,000 ரூபா. அந்த 27,000 இல் கூலி 4,500 மட்டுமே. மிச்சம் பொருளின் விலை. ஒரே வொட்ச், ஒரே வெடிப்பு, மூன்று மடங்கு வித்தியாசம். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியதே.

"கண்ணாடிதானே உடைஞ்சது, ஏன் டிஸ்ப்ளே முழுக்க மாத்தவேணும் எண்டுறீங்கள்?"

பழைய சாவிக் கைக்கடிகாரத்தில் கண்ணாடி தனி, முகப்பு தனி. கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றைப் பொருத்திவிடலாம். ஸ்மார்ட் வொட்சில் அப்படி இல்லை. மேலே கண்ணாடி, அதற்குக் கீழ் விரலின் தொடுகையை உணரும் படலம், அதற்கும் கீழ் ஒளி தருகிற ஓலெட் தகடு என எல்லாம் தெளிந்த பசைத்தாளால் காற்றிடைவெளியே இல்லாமல் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பசைத்தாளைத்தான் திருத்துபவர்கள் ஓசிஏ என்பார்கள். பல மாடல்களில் தொடுகைப் படலம் ஓலெட் தகட்டின் மேலேயே உருவாக்கப்பட்டிருப்பதால் அதைத் தனியாகப் பிரிப்பதென்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே, "கண்ணாடி மட்டும்" மாற்றுவதென்றால், வெடித்த கண்ணாடியைச் சூடாக்கி, தலைமயிரைவிட மெல்லிய கம்பியைக் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையில் அறுத்துக்கொண்டு போய்ப் பிரித்து, மிஞ்சிய பசையைத் துடைத்து, புதிய பசைத்தாளும் புதிய கண்ணாடியும் வைத்து, குமிழ் வராமல் அழுத்தி ஒட்ட வேண்டும். கண்ணாடி நொறுங்கியிருந்தால் கம்பி ஒவ்வொரு சில்லிலும் தடக்கும். ஓலெட் தகடு அந்த நேரத்தில் ஒரு பக்கம் சற்று வளைந்தாலும் போயிற்று. இந்த வேலை செய்யத் தெரிந்த கை கொழும்பில் உண்டு, ஆனால் போன் திருத்துகிற எல்லோருக்கும் அது வராது. வராதவர்கள் "முழுசாத்தான் மாத்தவேணும்" என்று சொல்வதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன், அது அவர்களுடைய நேர்மை.

"உள்ளுக்கு டிஸ்ப்ளே போயிட்டுதா இல்லையா எண்டு நானே பாக்கலாமா?"

பார்க்கலாம். வெடிப்புக்குக் கீழே படம் முழுதாகத் தெரிகிறதா, எல்லா மூலைகளிலும் விரலுக்குக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு முழு வெள்ளையாக ஒரு பக்கத்தைத் திறந்து உற்றுப் பாருங்கள். மை சிந்தியதுபோலக் கறுப்புத் திட்டு, பச்சை அல்லது ஊதாக் கோடு, ஒரு பாதி மங்கல், தொடாமலே தானாக அமத்துப்படுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தகடு சேதமடைந்துவிட்டது. கண்ணாடி மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

கறுப்புத் திட்டு பெருகக்கூடியது. காலையில் மிளகளவில் இருந்தது பின்னேரம் முகப்பில் பாதியை விழுங்கியதைக் கண்டிருக்கிறேன். அதனால் "நேற்று நல்லா இருந்தது" என்ற வாதம் எங்கள் மேசையில் நிற்காது; விழுந்த அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"போனுக்கே இவ்வளவு வராது, இந்தச் சின்னச் சாமானுக்கு ஏன் கூட?"

சிறிதாக இருப்பதே முதற் காரணம். போன் திரையில் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால் தெரியாது. வொட்சில் அது தொடுகையையும் நீர்க்காப்பையும் கெடுக்கும். இரண்டாவது காரணம், பொருள் கிடைப்பது. அதிகம் விற்பனையாகும் போன்களுக்கு நாலைந்து தொழிற்சாலைகள் போட்டிபோட்டு மாற்றுத்திரை செய்கின்றன; வொட்சுகளுக்கு அப்படி இல்லை. பல மாடல்களுக்குக் கிடைப்பது உடைந்த வொட்சுகளிலிருந்து கழற்றிய திரைகள்தான்.

மூன்றாவது காரணம் நம் நாட்டுக்கு உரியது. உதிரிப்பாகங்கள் டொலரில் வருகின்றன. 2022 மார்ச் மாதத்துக்கு முன் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் அதன்பிறகு 360 வரை ஏறி, பின்னர் 300 ரூபாவைச் சுற்றி நின்றது. வெளிநாட்டில் விலை ஒரு சதமும் ஏறாத ஒரு திரை இங்கே ஒன்றரை மடங்கானது அப்படித்தான். கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. அதை எங்கள் உள்ளறைக்காரர் அடிக்கடி நினைவூட்டுவார்.

"ஏஜென்டிட்டக் குடுத்தா வொரண்டியில செய்து தருவாங்கள்தானே?"

பெரும்பாலும் இல்லை. உத்தரவாதம் என்பது தயாரிப்புக் குறைக்கு. கீழே விழுந்தோ சுவரில் இடித்தோ வெடித்தால் அது பாவனையாளரின் சேதம் என்றே எல்லா நிறுவனங்களும் கணக்கிடுகின்றன. ஒரு வருட உத்தரவாதத்தின் பத்தாவது நாளில் உடைந்தாலும் பதில் அதுவே. உங்கள் சிட்டையில் இருப்பது நிறுவனத்தின் உள்ளூர் ஏஜென்டின் உத்தரவாதமா, விற்ற கடையின் சொந்த உத்தரவாதமா என்பதையும் பாருங்கள். கடை உத்தரவாதம் என்றால் ஏஜென்டின் சேவை நிலையத்தில் அதற்கு மதிப்பு இராது.

ஆனாலும், காசு கொடுத்துத் திருத்துவதென்றாலும் ஏஜென்டிடம் ஒருமுறை விலை கேட்பது நல்லது. புதிய, நிறுவனம் தந்த திரை அங்கேதான் நிச்சயம். தொகை கேட்கும்போது பெறுமதி சேர் வரி உட்படவா என்று சேர்த்துக் கேளுங்கள். 2024 ஜனவரி முதல் அது 18 வீதம், 30,000 ரூபாவுக்கு 5,400 ரூபா கூடிவிடும்.

"ஆப்பிள் எண்டா கம்பனியிலேயே கண்ணாடி மாத்தித் தருவாங்களாமே?"

ஆப்பிள் நிறுவனம் வொட்சின் கண்ணாடியைத் தனியே மாற்றிக் கொடுப்பதில்லை. உடைந்த வொட்சை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்து, அதற்கு ஒரு கட்டணம் வாங்குவதே அவர்களுடைய முறை. 2022 இல் அமெரிக்காவில் 799 டொலருக்கு வந்த அல்ட்ரா என்ற விலை கூடிய மாடல் வெளியானபோது, காப்புத் திட்டம் இல்லாதவர் செலுத்த வேண்டியதாக அறிவிக்கப்பட்ட தொகை 499 டொலர். நம் காசில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். ஆப்பிள்கேர் பிளஸ் என்ற காப்புத் திட்டத்தை எடுத்தவருக்கு அதே சேதத்துக்கு 79 டொலர். சாதாரண மாடல்களுக்கு 69 டொலர்.

இலங்கையில் ஆப்பிளின் சொந்தக் கடை ஒன்றும் இல்லை. எனவே இங்கே நடைமுறையில் இருப்பது வெளிக்கடைத் திருத்தம்தான். முன்புறத்தைச் சூட்டுத்தட்டில் வைத்து, பசை இளகியதும் மெல்லிய அலகை ஓரத்தில் நுழைத்துத் திறக்கிறார்கள். ஐந்தாம் தலைமுறை வரையான மாடல்களில், அழுத்தத்தை உணரும் ஒரு மெல்லிய வளையம் அந்த ஓரத்திலேயே ஒட்டியிருக்கும்; அலகு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் அது கிழியும். ஆறாம் தலைமுறையிலிருந்து அந்த வளையம் இல்லை. பழைய மாடலுக்குக் கூலி கூடுதலாகக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

"கனடாவில இருந்து அண்ணா வாங்கி அனுப்பினது. திருப்பி அங்க அனுப்பிச் செய்விக்கலாமா?"

அண்ணா வாங்கும்போது மேற்சொன்ன காப்புத் திட்டத்தையும் சேர்த்து எடுத்திருந்தால், அனுப்புவதே மலிவு. முதலில் அவரிடம் அதைக் கேளுங்கள். பலர் எடுத்ததையே மறந்திருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழக மாணவி எங்களிடம் முற்பணம் கட்டிய பிறகு அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்து, திட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறதென்று அறிந்து, பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அது சரியான முடிவு.

அனுப்பும் வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. லிதியம் பற்றரி உள்ள பொருளைக் கூரியரில் அனுப்ப நிபந்தனைகள் உண்டு. வீங்கிய அல்லது சேதமான பற்றரியை விமானத்தில் ஏற்றவே கூடாது. திரை மட்டும் வெடித்த வொட்ச் என்றால், விடுமுறைக்கு வந்து திரும்புகிற ஒரு சொந்தக்காரரின் கைப்பையில் போவதுதான் இலகு. திட்டம் எதுவும் இல்லையென்றால் அனுப்புவதில் அர்த்தமில்லை. அங்கே கூலி இங்கேயுள்ளதைவிடப் பன்மடங்கு.

"புறக்கோட்டையில பாதி விலை சொல்லுறாங்கள். நீங்கள் கொள்ளையடிக்கிறீங்களோ?"

இதைச் சிரித்துக்கொண்டு கேட்பவர்களும் உண்டு, சிரிக்காமல் கேட்பவர்களும் உண்டு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எங்களைவிட மலிவாக, நன்றாகவும் செய்கிற கைகள் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை அதிகம், வாடகைக் கணக்கு வேறு, பொருளை மொத்தமாக எடுக்கிறார்கள். எனவே மலிவு என்பதற்காகவே சந்தேகப்பட வேண்டாம். இரண்டு இடத்திலும் ஒரே பொருளுக்குத்தான் விலை சொல்கிறார்களா என்பதே கேள்வி.

சந்தையில் திரை நான்கு விதமாக வருகிறது: நிறுவனத்தின் புதுத்திரை, உடைந்த வொட்சிலிருந்து கழற்றிய பழைய ஒரிஜினல், பழைய ஒரிஜினல் தகட்டில் புதிய வெளிக்கண்ணாடி ஒட்டியது, முழுக்கக் கொப்பி. மூன்றாவது வகை மோசமில்லை, நாங்களே அதிகம் போடுவது அதுதான், ஆனால் அதை "புது ஒரிஜினல்" என்று விற்பது பொய். கொப்பிகளில் ஓலெட்டுக்குப் பதிலாக, பின்னால் விளக்கு எரியும் எல்சிடி திரை போட்டதும் வரும். இருட்டறையில் முகப்பை முழுக் கறுப்பாக வைத்துப் பாருங்கள்: ஓலெட்டில் கறுப்பு என்றால் விளக்கே இல்லை, முகப்பு இருட்டோடு இருட்டாகிவிடும், எல்சிடியில் சாம்பல் நிறமாக ஒரு மினுக்கம் தெரியும். எல்சிடி போட்ட வொட்சில் பற்றரியும் முன்புபோல் நிற்காது.

விலை கேட்கும்போது "எவ்வளவு?" என்பதற்கு முதல், "இந்த நாலில் எது போடுகிறீர்கள், அதைச் சிட்டையில் எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியோடு பாதி வித்தியாசம் காணாமற் போய்விடும்.

"சஃபயர் கண்ணாடி, கீறவே கீறாது எண்டுதானே வித்தாங்கள்? பிறகேன் வெடிச்சது?"

கீறாது என்றார்கள், உடையாது என்று சொல்லவில்லை. கடினமும் உறுதியும் இரண்டு வேறு குணங்கள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, சஃபயர் 9, கடற்கரை மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடி அதற்கும் கீழே. எனவே கோல்ஃபேஸ் மணலில் உரசினாலும் சஃபயரில் கீறல் விழாது. ஆனால் கடினமானது வளைந்து கொடுக்காது. மாபிள் தரையில் ஓரம்பட விழுந்தால், வளைந்து தப்பக்கூடிய பலப்படுத்திய கண்ணாடியைவிட இது இலகுவாக வெடிக்கக்கூடும்.

வொட்சில் இருப்பது ஆய்வுகூடத்தில் வளர்த்த நிறமற்ற சஃபயர். இரத்தினபுரி நீலக்கல்லும் அதுவும் ஒரே கனிமம். அதைத் தமிழில் குருந்தம் என்போம், ஆங்கிலத்தில் அதற்குள்ள கொரண்டம் என்ற பெயரே நம் சொல்லிலிருந்து போனதுதான். செலவு விஷயத்துக்கு வந்தால்: சாம்சங்கின் ஐந்தாம் தலைமுறை வொட்ச் முதல் சஃபயர்தான், ஆப்பிளில் எஃகு, டைட்டேனியம் வகைகளில் அது, அலுமினிய வகைகளில் பலப்படுத்திய கண்ணாடி. சஃபயர் உடைந்தால் வெளிக்கடையில் போடப்படும் மாற்றுக்கண்ணாடி பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடியாகவே இருக்கும். அதனால் குற்றமில்லை, விலையும் குறையும். ஆனால் சஃபயர் விலையை வாங்கிக்கொண்டு சாதாரணத்தைப் போடக்கூடாது. முந்தைய பதிலில் சொன்ன சிட்டைக் கேள்வி இதற்கும் பொருந்தும்.

"திருத்தின பிறகு போட்டுக்கொண்டு கடலில குளிக்கலாமா?"

வேண்டாம். 5 ஏடிஎம் (ஏடிஎம் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று பின்பக்கத்தில் எழுதியிருப்பது, ஆய்வுகூடத்தில் அசையாத நீரில் 50 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தைத் தாங்கியது என்பதைத்தான் சொல்கிறது. அதுவும் புதிதாக இருக்கும்போது. காலப்போக்கில் அந்தக் காப்பு குறையும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். திரையைத் திறந்தவுடன் தொழிற்சாலையில் ஒட்டிய பசை அறுந்துவிடுகிறது. புதுப் பசைவளையம் வைத்தாலும் கையால் ஒட்டியது கையால் ஒட்டியதுதான்.

பழைய கைக்கடிகாரம் திருத்தும் சில கடைகளில் அழுத்தச் சோதனைக் கருவி இருக்கிறது. தண்ணீரில் போடாமலே காற்றழுத்தத்தால் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சோதித்துக் காட்டுகிற கடை கொஞ்சம் கூடக் கேட்டாலும் நியாயம். அப்படிச் சோதித்தாலும் கைகழுவ, மழையில் நனைய என்ற அளவுக்கே நான் உறுதி சொல்வேன். கல்கிசைக் கடலுக்குப் போகும்போது கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

"சம்பளம் வரும்வரைக்கும் இப்பிடியே கட்டலாமா? வெடிப்புக்குச் சுப்பர் குளூ விட்டா?"

கட்டலாம், சில நாட்களுக்கு. வெடிப்பின்மேல் தெளிந்த ஒட்டுநாடாவை முழு முகப்புக்கும் ஒரே துண்டாக ஒட்டுங்கள். கண்ணாடிச் சில் விரலில் ஏறாது, வியர்வையும் ஓரளவு தடுக்கப்படும். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் கழற்றுங்கள். கொழும்பின் ஈரக்காற்றும் வியர்வை உப்பும் அந்த வெடிப்பு வழியாக இறங்கினால் இணைப்பிகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். 9,000 ரூபா வேலை 27,000 ஆவது அப்படித்தான். ஐப்பசி மழைக்காலத்தில் தள்ளிப்போட வேண்டாம்.

சுப்பர் குளூ விடவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படியும், உள்ளே இறங்கினால் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எங்கள் கம்பி அதை அறுக்காது. பற்பசை தேய்ப்பதும் வீண். வெடிப்பு போகாது, மேற்பூச்சுத்தான் போகும். ஈரம் புகுந்த வொட்சை அரிசிக்குள் புதைப்பதும் அப்படியே. அரிசியைச் சோறாக்குங்கள், வொட்சை நிறுத்தி, சார்ஜில் போடாமல் கொண்டுவாருங்கள்.

"சத்தியமா விழவேயில்லை. மேசையில இருந்தது, தானா வெடிச்சது."

முன்பெல்லாம் நம்பமாட்டேன். இப்போது முதலில் பக்கவாட்டில் பார்ப்பேன். பற்றரி வீங்கினால் திரையை உள்ளிருந்து தள்ளும்; ஒரு பக்கம் நகம் நுழையும் அளவுக்குத் திரை உயர்ந்திருந்தால் அதுதான் காரணம். அந்த நிலையில் திரையை அமத்தி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், கையில் கட்டாதீர்கள். பற்றரி மாற்றாமல் திரை மட்டும் மாற்றுவது பணத்தை இரண்டு முறை கொடுப்பதாகும்.

தயாரிப்புக் குறையும் நடந்திருக்கிறது. அலுமினிய வகை ஆப்பிள் வொட்சின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் திரையின் வளைந்த ஓரத்தோடு வெடிப்பு வருவதை அந்த நிறுவனம் 2019 இல் ஒப்புக்கொண்டு, இலவசமாகத் திரை மாற்றும் திட்டம் ஒன்றை அறிவித்தது. இப்போது அதன் காலம் கடந்துவிட்டது. ஆனால் உங்கள் வொட்ச் புதியது, இடித்த அடையாளம் சட்டகத்தில் எங்குமே இல்லை, திரை உயர்ந்திருக்கிறது என்றால், எங்களிடம் வருவதற்கு முன் விற்ற இடத்துக்குப் போங்கள். நாங்கள் ஒருமுறை திறந்துவிட்டால் உங்கள் வாதம் அடிபட்டுப்போகும்.

"நானே ஓன்லைன்ல டிஸ்ப்ளே எடுத்துத் தந்தா கூலி மட்டும் எடுப்பீங்களா?"

எடுப்போம், ஆனால் திரைக்கு நாங்கள் பொறுப்பில்லை. பொருத்துவதற்கு முன் இணைத்துப் பார்த்துக் காட்டுவோம். வேலை செய்யவில்லையென்றால் திருப்பித் தருவோம், பார்த்த கூலி மட்டும்.

தவறு அதிகம் நடப்பது மாடலில். ஆப்பிள் மூன்றாம் தலைமுறையில் சிம் உள்ளதற்கும் இல்லாததற்கும் திரை வேறு. ஒரே அளவு, ஒரே தோற்றம், ஆனால் பொருந்தாது. சாம்சங்கில் ஆர்860 என்பது 40 மில்லிமீட்டர், ஆர்870 என்பது 44. முதற் பதிலில் சொன்ன பின்பக்கப் படத்தை விற்பவருக்கு அனுப்பி உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள். சில வொட்சுகளுக்கு எங்கே தேடினாலும் முறையான வழி கிடைக்காது: கூகுளின் பிக்சல் வொட்ச் முதலில் வந்தபோது அதற்குத் திருத்தமே இல்லை, மாற்றீடு மட்டும்தான் என்று 2023 இல் அந்த நிறுவனமே சொன்னது. 2025 இல் வந்த நாலாம் தலைமுறையில்தான் திருகாணி வைத்துத் திரையையும் பற்றரியையும் மாற்றக்கூடியதாகச் செய்தார்கள்.

"கண்ணாடி மட்டும் மாத்தக் குடுத்தன். கழட்டேக்க டிஸ்ப்ளேயும் போயிட்டுதாம். இப்ப யார் காசு குடுக்கிறது?"

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இது. இரண்டாம் பதிலில் சொன்ன அறுப்பு வேலையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. மிகத் தேர்ந்த கைக்கும் உண்டு. கண்ணாடி மாற்றத்துக்குச் சொல்லும் தொகைக்குள் அந்த ஆபத்தின் விலையும் அடங்கியிருக்கிறதா, இல்லையா என்பதுதான் கடைக்குக் கடை வேறுபடுகிறது. மிக மலிவாகச் சொல்கிறவர் பெரும்பாலும் ஆபத்தை உங்கள் தலையில் வைத்துவிட்டுத்தான் சொல்கிறார், அதை வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கடை முறையைச் சொல்கிறேன், அதுவே சிறந்தது என்று வாதாடமாட்டேன். வாங்கும்போதே தகடு உயிரோடிருப்பதை வாடிக்கையாளர் முன் இயக்கிப் படமெடுப்போம். பிரிக்கும்போது போனால் கண்ணாடிக் கூலி வாங்கமாட்டோம். புதுத்திரை போட விரும்பினால் பொருளின் விலையை மட்டும் எடுப்போம். வேண்டாமென்றால் வொட்சை அந்த நிலையிலேயே திருப்பித் தருவோம். நீங்கள் போகிற கடையில் இதே ஒழுங்கு இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஏதோ ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அது வேலை தொடங்கு முன் உங்களுக்குச் சொல்லப்பட வேண்டும். ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டு வந்திருந்தால், பாதிப் பாதி என்று பேசி முடிப்பதே நடைமுறையில் நான் கண்ட முடிவு.

"குடுக்கமுதல் பாஸ்கோட் சொல்லவேணுமா? படமெல்லாம் பாப்பாங்களோ?"

திரை மாற்றத்துக்குப் பாஸ்கோட் தேவையில்லை. போனிலுள்ள செயலியிலிருந்து வொட்சை இணைப்பு நீக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள். ஆப்பிளில் அப்படி நீக்கும்போது ஒரு காப்புப்பிரதி போனில் தானாகச் சேமிக்கப்படும், அதில் போட்ட வங்கி அட்டைகள் அழியும், வேறொருவர் பாவிக்க முடியாதபடி தடுக்கும் உரிமையாளர் பூட்டும் விலகும். வொட்சில் தொடுகை செத்திருந்தாலும் போனிலிருந்து இதைச் செய்யலாம். நடந்த அடிகளும் இதயத்துடிப்புக் கணக்கும் போனில்தான் இருக்கின்றன, பயப்பட வேண்டாம். பட்டியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். கடையில் தவறுவது வொட்சைவிடப் பட்டிதான் அதிகம்.

"திருத்தி ரெண்டு கிழமையில டச் வேலை செய்யேல்லை. கடைக்காரர் கையை விரிச்சிட்டார்."

சிட்டை இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. எந்தத் திரை, எவ்வளவு தொகை, எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதிய சிட்டை இருந்தால், அதைக் காட்டி இன்னொரு முறை அமைதியாகக் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "பிறகு பாப்பம்" என்று இழுத்தடிக்கும் கடைகளின் கணக்கும் அந்த மூன்று மாதம்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"எந்தத் தொகைக்கு மேல போனா விட்டுடலாம்?"

அதே மாடல், அதே நிலையில், பாவித்தது என்ன விலைக்குப் போகிறது என்று இணைய விளம்பரங்களில் பாருங்கள். திருத்தத் தொகை அதன் பாதியைத் தாண்டினால் நான் விடச் சொல்வேன். முதற் பதிலில் சொன்ன வங்கி ஊழியரின் வொட்ச் பாவித்த சந்தையில் 32,000 ரூபா அளவில் போய்க்கொண்டிருந்தது. 27,000 கொடுத்துத் திரை போடுவது விசர் வேலை. 9,000 கொடுத்துக் கண்ணாடி மாற்றுவது நியாயம். அவருக்குத் தகடு பிழைத்திருந்தது, கண்ணாடியை மாற்றிக்கொண்டு போனார்.

வயதையும் பாருங்கள். ஆப்பிள் மூன்றாம் தலைமுறைக்கு 2022 உடன் புதிய மென்பொருள் பதிப்புகள் வருவது நின்றுவிட்டது. அதற்கு எந்தத் தொகையும் அதிகம். மூன்று வருடம் தாண்டிய வொட்சில் பற்றரியும் களைத்திருக்கும். திறப்பதே பாதி வேலை என்பதால் இரண்டையும் சேர்த்துச் செய்தால் பற்றரிக்குத் தனிக் கூலி கேட்கக்கூடாது. சில ஆயிரம் ரூபாவுக்கு விற்கும், ஸ்மார்ட் பான்ட் எனப்படும் கைப்பட்டி வகைகளுக்கு உதிரித்திரை தேடி அலைய வேண்டாம். அம்மா தந்தது, இறந்தவர் கட்டியிருந்தது என்று கொண்டுவருபவர்களிடம் நான் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

"அப்ப உடைஞ்சதை நீங்களே எடுப்பீங்களா?"

எடுப்போம், மற்றக் கடைகளும் எடுக்கும். திரை செத்த வொட்சில் பற்றரி, மின்சுற்றுப் பலகை, பின்கண்ணாடி, சட்டகம் எல்லாம் இன்னொரு வொட்சுக்கு உயிர் கொடுக்கும். திரை உயிரோடு பலகை செத்ததென்றால் இன்னும் நல்ல விலை. ஆனால் உரிமையாளர் பூட்டு நீக்காத ஆப்பிள் வொட்சுக்கு உதிரி விலைதான், அதையும் சில கடைகள் தொடாது. முன்பு சொன்னபடி இணைப்பு நீக்கிவிட்டே கொண்டுவாருங்கள். சார்ஜரையும் நல்ல பட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். வாங்குகிறவர் அவற்றுக்கு ஒரு சதமும் கூட்டித் தரமாட்டார், தனியே விற்றால் இரண்டும் அன்றைக்கே போகும்.